நிறம் மாறக் கூடாத குடுவை

எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய்தான் நீளும். ஆள் யார், இடம் எது என்று பார்க்காமல் கத்திவிடுவேன். "இவ கத்துறான்னா பயந்துட்டான்னு அர்த்தம், கண்டுக்காதீங்க" என்று எங்கள் அம்மா ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் ஆய்வகத்தின் இருட்டு அலமாரியைத் திறந்து, மூன்றாவது குடுவைமேல் சுற்றியிருந்த அலுமினியத் தாளைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குச் சத்தமே வரவில்லை. குடுவைக்குள் இருந்தது பழுப்பாகியிருந்தது. அது பழுப்பாகவே கூடாது.

ஏன் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு குடுவை நிறம் மாறியதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் ஐந்து வருடமாக நான் செய்துகொண்டிருந்த ஆய்வு, மண்ணில் வாழும் பாக்டீரியாவை வைத்து வெள்ளி நானோ துகள் செய்வது. கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியான வெள்ளி. புண்ணுக்குப் போடும் கட்டுத்துணி முதல் தண்ணீர் வடிகட்டி வரை அதற்குத் தேவை இருக்கிறது. அதை வழக்கமான முறையில் செய்தால் காட்டமான ரசாயனங்கள் வேண்டும். செய்து முடித்த பிறகு கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று முழிக்க வேண்டும். என் பாக்டீரியா அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். அதை வளர்த்த கரைசலில் சில்வர் நைட்ரேட்டைச் சேர்த்து இருட்டில் வைத்தால், வெளிர் மஞ்சளாக இருந்தது இரண்டு மூன்று நாளில் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளித் துகள் உண்டாகிவிட்டது என்பதற்கு அந்தப் பழுப்புதான் முதல் அடையாளம்.

அந்த ஒரு பாக்டீரியாவுக்காக இலுப்பூர்ப் பக்கமும் கொடும்பாளூர் போகிற வழியிலும் நான் எடுக்காத மண் இல்லை. முந்திரிக்காடு, தைலமரக்காடு, கண்மாய்க்கரை என்று ஸ்பூனும் ஜிப் கவருமாக அலைந்தேன். ஒரு கடலைக்கொல்லையில் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா அருவாளோடு வந்துவிட்டது.

"ஏய், யார்றி அது, எங்க கொல்லையில காலடி மண்ணு எடுக்குறது? யாருக்குடி செய்வினை வைக்கப் போற?"

காலேஜ் அட்டையைக் காட்டினேன்.

"அட்டை வச்சிருந்தா சூனியம் வைக்க மாட்டியாக்கும்?"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். கவரை மட்டும் விடவில்லை. கடைசியில் அந்தக் கொல்லை மண்ணில் இருந்த பாக்டீரியாதான் வேலை செய்தது.

இப்போது அந்த மூன்று குடுவைக்கு வருகிறேன். முதல் குடுவையில் பாக்டீரியாவும் சில்வர் நைட்ரேட்டும் இருக்கும். இரண்டாவதில் பாக்டீரியா மட்டும். மூன்றாவதில் பாக்டீரியா இல்லாத வெறும் கரைசலும் சில்வர் நைட்ரேட்டும். இந்த மூன்றாவதற்குத்தான் கண்ட்ரோல் என்று பெயர். முதலாவது பழுப்பாக வேண்டும், மூன்றாவது போட்டது போட்டபடி இருக்க வேண்டும். மூன்றாவதும் பழுப்பாகிவிட்டால், பாக்டீரியா ஒன்றும் கிழிக்கவில்லை, அந்தக் கரைசலே தானாக நிறம் மாறுகிற சாமான் என்று ஆகிவிடும். அப்படியானால் ஐந்து வருடமாக நான் எழுதி வைத்ததெல்லாம் பொய்.

அடுத்த திங்கட்கிழமை எனக்குக் கமிட்டி கூட்டம். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். போன முறையே அதில் ஒருவர், "கண்ட்ரோலை நேர்ல பாக்கணும், குடுவையோட கொண்டு வாம்மா" என்று சொல்லியிருந்தார். எனக்குக் கொடுத்த கால நீட்டிப்பும் முடிந்துவிட்டது. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று அலுவலகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை குடுவைகளைப் போட்டு வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஊரில் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் என்று கிளம்பிப் போயிருந்தேன். அங்கே எங்கள் அப்பா பூத்தட்டு எடுத்து வந்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்தி, "இன்னும் பத்து நாள்ல எம்மவ டாக்டருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சித்தப்பா முழங்காலை நீட்டி, "அப்ப இந்த வலிக்கு ஒரு மாத்தர எழுதிக் குடும்மா" என்றார். ஊரிலிருந்து கொண்டு வந்த அந்தச் சிரிப்பு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலமாரி முன்னால் அற்றுப்போனது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவைச் சாத்தினேன். குடுவையை மறுபடி தாளில் சுற்றி மேசைக்கடியில் மறைத்தேன். என்னவோ களவு பண்ணினவள் மாதிரி. பிறகு எடுத்தேன். இன்னொரு தடவை பார்த்தால் மாறியிருக்காதா என்று ஓர் ஆசை. மாறவில்லை. வெளிச்சம் பட்டிருக்குமோ, சில்வர் நைட்ரேட்டுக்கு வெயில் ஆகாதே? அலமாரி இருட்டாகத்தான் இருந்தது. குடுவை சரியாகக் கழுவாமல் இருந்திருக்குமோ? நானே கழுவினேன். நிறத்தை அளந்து கோடாக வரைந்து காட்டுகிற கருவியில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். முதல் குடுவைக்கு எந்த இடத்தில் மேடு எழும்புமோ அதே இடத்தில் இதற்கும் எழும்பியது. வெள்ளித் துகளேதான். ஐயோ, போச்சே, எல்லாம் போச்சே என்று வாய்விட்டே சொன்னேன். ஐந்து வருடமாக எல்லாத் தடவையும் வெளுப்பாக நின்றது, இப்போது ஏன் மாற வேண்டும்? இல்லை, முந்தியெல்லாம் நான்தான் சரியாகப் பார்க்கவில்லையா? அப்பா பூத்தட்டுக்காரர்களை நிறுத்திய காட்சி வேறு கண்முன்னால் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா டீயோடு வந்தது. எங்கள் துறையில் குடுவை கழுவுவது, கிருமி நீக்குகிற பாத்திரத்தில் சாமான்களைச் சுற்றி வைப்பது எல்லாம் இந்த அக்காதான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தது. தற்காலிக வேலை, வருடா வருடம் சொல்லிப் புதுப்பிக்க வேண்டும்.

"எல்லாம் நல்லபடியா ஆயிருக்குமே மேடம்?" என்று சிரித்த முகமாகக் கேட்டது.

"அந்தக் கதவ சாத்திட்டு வெளிய போங்கக்கா" என்று விழுந்தேன். சத்தம் திரும்பி வந்துவிட்டது.

டீயை வைத்துவிட்டு அக்கா போய்விட்டது. அந்த டீ ஆடை கட்டும்வரை நான் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் ஆகியிருக்கும், அப்போதுதான் அலுமினியத் தாள் கண்ணில் பட்டது. நான் தாளைச் சுற்றினால் ஓரத்தைப் பிடித்து ஒரே முறுக்காக முறுக்கிவிடுவேன், அவசரக்குடுக்கை. முதல் இரண்டு குடுவைத் தாளும் முறுக்கில்லாமல் மடித்திருந்தன. நான் காலையில் மூன்றாவதிலிருந்து பிரித்துப் போட்ட தாளிலும் மடிப்பு மடிப்பாக, ஒன்றின்மேல் ஒன்றாக, மளிகைக்கடைப் பொட்டலம் போலக் கோடு விழுந்திருந்தது. எங்கள் ஆய்வகத்தில் அப்படி மடிக்கிற ஆள் ஒருவர்தான்.

கழுவும் அறைக்குப் போனேன். அக்கா தொட்டியில் கையை விட்டு நின்றது.

"அக்கா, என் மூணாவது பிளாஸ்க்க தொட்டீங்களா?"

"ஆமா மேடம்" என்றது, தயக்கமே இல்லாமல். "வெள்ளிக்கிழமை நீங்க ஊருக்குப் போனப்பறம் பாத்தேன். மொதல்ல உள்ளது நல்லா பழுத்துருச்சு. ரெண்டாவது மோராட்டம் கலங்கிருச்சு. இது மட்டும் பச்சத்தண்ணியா நின்னுச்சு. சரி, ஒற பத்தல போலன்னு மொதல்ல உள்ளதுலருந்து ஒரு ஸ்பூன் எடுத்து ஊத்தி மூடி வச்சேன். ஆயிருச்சுல்ல?"

உறை! பால் தோயாமல் நின்றால் பக்கத்துப் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி மோரை எடுத்து ஊற்றுவோமே, அதே மாதிரி ஊற்றியிருக்கிறது. சில்வர் நைட்ரேட்டிலும் சாகாத என் பாக்டீரியா ஒரு ஸ்பூன் போனால் போதாதா? இரண்டு நாளில் கண்ட்ரோலைப் பழுப்பாக்கிவிட்டது.

நான் கத்தினேன். கழுவும் அறையின் கண்ணாடிச் சன்னல் அதிர்ந்திருக்கும். "யாரு ஒங்கள ஊத்தச் சொன்னா? அஞ்சு வருசங்க்கா! அஞ்சு வருசம்! ஒரு ஸ்பூன்ல முடிச்சுட்டீங்களே! நீங்க கை வச்சா எது வெளங்கும்?"

கடைசி வார்த்தை வாயைவிட்டுப் போனதும் எனக்கே சுரீர் என்றது. அக்கா தொட்டியிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்தது, துடைத்துக்கொண்டே இருந்தது.

அந்த வார்த்தையை ஏன் சொல்லியிருக்கக் கூடாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். போன வருடம் எங்கள் துறை மேடம் ஒருவருக்கு ஆசிரியர் அறையிலேயே வளைகாப்பு நடந்தது. எல்லோரும் சந்தனம் பூசி வளையல் போட்டோம். அக்காவை மட்டும் காணவில்லை. புளிசோறும் தயிர்சோறும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால், இதே கழுவும் அறையில் நின்று கழுவின குடுவையையே கழுவிக்கொண்டிருந்தது. "நான் வந்து நின்னா நல்லாருக்காது மேடம். கல்யாணமாகி பதினோரு வருசம் ஆச்சுல்ல" என்றது. பேச்சை மாற்றுவதற்காகக் கையிலிருந்த குடுவையைக் காட்டி, இதெல்லாம் என்ன என்று அளக்க ஆரம்பித்தேன். "ஒண்ணுமில்லக்கா, பாலுக்கு ஒற ஊத்துற மாதிரிதான். இதுல ஒரு சொட்டு விட்டா அதுவும் ஆயிரும்" என்று சொன்னது இந்த வாய்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதும் இல்லாமல் இன்னொருவரையும் சேர்த்துக் கெடுத்தேன்.

"இதுக்கு முந்தி எப்பவாச்சும் ஊத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"சத்தியமா இல்ல தாயி. இந்த ஒரு தடவதான்." மேடம் போய் தாயி வந்துவிட்டது. "வேலய விட்டு எடுத்துருவாங்களா?"

"ஏங்க்கா ஊத்துனீங்க? அது வெளுத்துக் கெடந்தா ஒங்களுக்கு என்ன?"

அக்கா தொட்டியைப் பார்த்தபடி சொன்னது. "ஆகாததையெல்லாம் கீழ ஊத்திருவீங்கல்ல மேடம். எத்தன தடவ நாந்தான ஊத்திருக்கேன். எல்லாம் ஆயி நிக்கிறப்ப அது ஒண்ணு மட்டும் ஆகாம நின்னுச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு."

அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் அறைக்குப் போனேன். அவருக்கு என்னைவிடப் பெரிய வாய். "கண்ட்ரோல்ல பாக்டீரியா கலந்துருச்சு சார்" என்றேன்.

"கலந்துருச்சா? தானா நடந்து போயி விழுந்துச்சா? யாரு கலந்தது?"

உண்மையைச் சொன்னால் அக்காவுக்கு வேலை போகும். ஆனால் நான் பெரிய தியாகி என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கழுவுகிற ஆள் கை வைத்தது என்று தெரிந்தால், "அப்ப மூணு வருசம் முந்தி போட்டதுல கை வைக்கலன்னு என்ன நிச்சயம்?" என்று சார் கேட்பார்.

"நாந்தான் சார். கவனக்கொறவா ஊத்திட்டேன்."

அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வெண்ண தெரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடச்சுட்டு வந்து நிக்கிறியேம்மா" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, நாளை மறுபடியும் மூன்று குடுவை போட வேண்டும், தன் அறை அலமாரியில்தான் வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை காலை தன் முன்னால்தான் திறக்க வேண்டும் என்றார். "அதுல கண்ட்ரோல் நிறம் மாறினா கமிட்டிய நானே ரத்து பண்ணச் சொல்லிருவேன்."

செவ்வாய்க்கிழமை காலை புதுக் கரைசல் செய்து, புதுக் குடுவையில் போட்டு, தாளை முறுக்கிக் கொண்டுபோய் வைத்தேன். சார் அலமாரிக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் மனசு இதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டது. அக்கா ஒரு ஸ்பூன் ஊற்றியது உண்மைதான். அதனால் மட்டும் என் கரைசல் யோக்கியம் என்று ஆகிவிடுமா? ஊற்றாமல் விட்டிருந்தாலும் அது மாறியிருந்தால்? முந்தைய கண்ட்ரோல்களையெல்லாம் நான் இரண்டாம் நாளோடு பார்த்து முடித்துக்கொண்டேனே, மூன்றாம் நாள் என்ன ஆகியிருக்கும் என்று யார் கண்டது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குக் காலையில் குடிக்கிற டீயின் நிறமே பயமாக இருந்தது. அப்பா போனில் கூப்பிட்டு, "திங்கக்கெழம எத்தன மணிக்கும்மா? நானும் வாரேன்" என்றபோது, "நீங்க ஒண்ணும் வர வேணாம்" என்று கடித்து வைத்தேன்.

அக்கா அந்த மூன்று நாளும் சார் அறைக்குள் கூட்டுவதற்குக்கூடப் போகவில்லை. வாசலோடு நின்று துடைப்பத்தை எட்டி எட்டி இழுத்தது. என்னைப் பார்த்தால் மட்டும் கேட்கும், "இன்னும் தொறக்கலையா மேடம்?"

"வெள்ளிக்கெழமதாங்க்கா."

"மாறாதுல்ல?"

"தெரியலக்கா."

இரண்டு பேரும் ஒரே குடுவைக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை காலை சார் தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, காகிதத்தைக் கிழித்து அலமாரியைத் திறந்தார். முதல் குடுவையைப் பிரித்தேன். கடுங்காப்பி. இரண்டாவது, மோர். மூன்றாவதைக் கையில் எடுத்து, முறுக்கைப் பிரிக்காமல் தடவிக்கொண்டிருந்தேன். "குடும்மா இங்கிட்டு" என்று சாரே வாங்கிப் பிரித்தார். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

வெளிர் மஞ்சள். செவ்வாய்க்கிழமை நான் ஊற்றியது ஊற்றியபடி.

"கருவியிலயும் பாத்துட்டு வா" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். மேடு எதுவும் இல்லை, கோடு தரையோடு கிடந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த அழகான கோடு அதுதான். சாரிடம் சொன்னேன். "சரி, திங்கக்கெழம பேசு" என்றார். அவ்வளவுதான் அவர்.

குடுவையைப் பிடித்துக்கொண்டே கழுவும் அறைக்குப் போனேன். அங்கே போனதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா குடுவையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பயந்துவிட்டது.

"என்ன மேடம், ஒண்ணுமே ஆகலையே?"

"ஆகலக்கா."

"அதுக்கா அழுகுறீங்க?"

"அது ஆகாம நின்னாத்தாங்க்கா மத்ததெல்லாம் நெசம்னு அர்த்தம். இது இல்லேன்னா மொதல் குடுவைக்கு மதிப்பே கெடையாது. திங்கக்கெழம அவங்க மொதல்ல கேக்கப் போறதே இதைத்தான்."

அக்கா குடுவையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. "அப்ப சும்மா நிக்கிறதுதான் அதோட வேலையா?"

"ஆமாக்கா. அன்னைக்கு நான் சொன்ன வார்த்தைய மனசுல வச்சுக்காதீங்க. பயத்துல பேசிட்டேன்."

"தெரியும் மேடம்" என்றது அக்கா. மன்னித்ததா இல்லையா என்று அந்தக் குரலை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்று வரைக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கமிட்டி அறைக்கு மூன்று குடுவைகளையும் தட்டில் வைத்து எடுத்து வந்தது அக்காதான். வழக்கமாகப் பழுப்புக் குடுவையைத்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் வைப்போம். அக்கா வெளுத்த குடுவையை இரண்டு கையாலும் எடுத்துப் பெரியவர்கள் முன்னால், நட்டநடுவில் வைத்தது. மற்ற இரண்டையும் அதற்குப் பின்னால் தள்ளி வைத்தது. நான் மாற்றவில்லை.

கண்ட்ரோல் கேட்டிருந்தாரே, அந்தப் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத்தான் முதலில் கையில் எடுத்தார்.

"இதுல என்னம்மா நடந்திருக்கு?"

அக்கா தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி கதவருகே நின்றுவிட்டது.

"அதுல ஒண்ணும் நடக்கல சார்" என்றேன். "அத நம்பித்தான் சார் நான் இங்க நிக்கிறேன்."